யாருக்காகக் கட்டினோம்

என் வலது கை வெந்த அன்று கயிற்றைக் கட்டியது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் சொன்னால் ஒளித்து வைத்ததுபோல் இருக்கும்.

நான் வேலை பார்ப்பது சலவை ஆலையில். மருத்துவமனை, விடுதி என்று எங்கெங்கோ இருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். அவற்றில் என்னென்ன இருக்கும் என்று கேட்காதீர்கள். சாப்பிடும் நேரமாக இருக்கலாம். துவைத்துப் பிழிந்த விரிப்பு ஈரத்தோடு உருளைக்கு வரும். உருளை என்றால், படுக்க வைத்த மூன்று பெரிய இரும்பு உருளைகள். உள்ளே நீராவி கொதித்துக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் நின்று விரிப்பின் இரு முனைகளையும் பிடித்து நீட்ட வேண்டும். உருளை வாங்கி விழுங்கும். அந்தப் பக்கம் சுருக்கம் இல்லாமல், காய்ந்து, சுடச்சுட வெளியே வரும். அங்கே நிற்பவர்கள் மடித்துத் தள்ளுவண்டியில் அடுக்குவார்கள். நீட்ட, மடிக்க, வண்டி தள்ள, எல்லாம் சேர்த்து எங்கள் வரிசையில் பன்னிரண்டு பேர்.

நீட்டுகிறவர்களின் தலைக்கு மேல், கை எட்டும் உயரத்தில், உருளையின் நீளத்துக்கும் ஒரு சிவப்புக் கயிறு ஓடும். இழுத்தால் உருளை நின்றுவிடும். அதற்காகத்தான் அது. ஆனால் விரிப்பை உதறிக் கையைத் தூக்கும்போது சில சமயம் விரல் அதில் பட்டுவிடும். உருளை நிற்கும். சூட்டில் ஒட்டிய விரிப்பு பழுப்பாகிவிடும், திரும்பத் துவைக்கப் போகும். மறுபடி ஓட வைக்க ஏழு நிமிடம். சுவரில் ஒரு பலகை உண்டு. ஒரு வேளைக்கு எத்தனை வண்டி போயிற்று என்று அதில் எழுதுவார்கள். ஏழு நிமிடம் போனால் ஒரு வண்டி போச்சு.

அதனால் கயிற்றைக் கட்டிவிடுவோம். கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு நாடா கிழித்து, கயிற்றை மேலே தூக்கி, இரும்புச் சட்டத்தோடு சேர்த்து ஒரு முடிச்சு. முதல் முடிச்சைப் போட்ட ஆள் வேலையை விட்டுப்போய் நாலு வருடம் ஆகிறது. முடிச்சு மட்டும் போகவில்லை. காலையில் முதலில் வருகிறவர் விளக்கைப் போடுவார், நீராவியைத் திறப்பார், கயிற்றைக் கட்டுவார். கட்டச் சொல்லி யாரும் யாரிடமும் சொன்னதில்லை. ‘கயிற்றைக் கட்டாதீர்’ என்று சுவரில் ஒரு தகடு இருந்தது. அதன் மேல் யாரோ துண்டைக் காயப்போடுவார்கள்.

நான் கட்டும்போதெல்லாம் புயலை நினைத்துக்கொண்டுதான் கட்டுவேன். புயல் என்றால் எனக்கு எதிர் முனையைப் பிடிக்கிறவள். நான் ஒரு விரிப்பை நீட்டுவதற்குள் அடுத்த விரிப்பு அவள் கையில் தயாராக இருக்கும். அவ்வளவு வேகம். உருளை நின்றால் அவள் என்னைக் கடித்துத் துப்பிவிடுவாள் என்று நினைத்திருந்தேன். என்னை எல்லாரும் நெட்டை என்பார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

என் கணவரின் தங்கை எங்களோடுதான் இருக்கிறாள். கல்லூரியில் மேல்படிப்பு. மனிதர்கள் கூட்டமாக இருக்கும்போது எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஒரு படிப்பு. அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே கிடங்கில் மூட்டை கட்டித் தூக்கியவர்கள். அந்த வீட்டிலிருந்து இப்படி ஒரு படிப்புக்கு ஒருத்தி போனதில் எனக்குப் பெருமைதான். வாயால் சொல்ல மாட்டேன்.

ஒருநாள் வந்து நின்றாள். "அண்ணி, உங்க ஆலையில நாப்பது பேரு எனக்கு வேணும்."

"எதுக்கு, கடத்திட்டுப் போகவா?"

"கேள்வி கேக்க. பத்துக் கருத்து இருக்கு. ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது. சாதாரண ஜனங்களுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியுமா, தெரிஞ்சா ஏதாவது பிரயோஜனம் உண்டா. அதைத்தான் கேக்கணும்."

"தெரிஞ்சதையே கேக்க ஒரு படிப்பு. அதுக்கு உங்க அண்ணன் தம்பிங்க வண்டி ஓட்டிக் காசு கட்டணும்."

"உங்க புருசன் ஒருத்தர்தான் ஓட்டுறாரு. நீங்க என்ன படை திரட்டுறீங்க?"

டீ நேரத்தில் ஆலை வாசலில் தாள்களோடு வந்து நின்றாள். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக அவளே உரக்கப் படித்தாள். எங்கள் வரிசை ஆட்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அது பரீட்சை போலவே இல்லை, விடுகதைப் போட்டி போல ஆகிவிட்டது.

"கூட்டமா ஒரு வேலை செய்யும்போது, ஒவ்வொருத்தரும் தனியா செய்யிறதைவிடக் கம்மியாத்தான் பலத்தைக் குடுப்பாங்க."

வண்டி தள்ளுகிற பாட்டுக்காரர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். அவர் எந்நேரமும் எதையாவது முனகிக்கொண்டே தள்ளுவார். "பத்துப் பேர் பீரோ தூக்கினா ரெண்டு பேர் தூக்குவான், எட்டுப் பேர் தொட்டுக்கிட்டே வருவான். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியா?"

"நீங்க அந்த எட்டுல ஒருத்தர்தானே?" என்றாள் புயல்.

"சின்னதா ஒண்ணு கேட்டு சம்மதம் வாங்கிட்டா, அடுத்து பெருசாக் கேட்டாலும் சம்மதிப்பாங்க."

"இடம் குடுத்தா மடம் புடுங்குறது!" என்று கத்தினாள் கண்ணாடி. மடிக்கிற மேசையில் இருப்பவள், மூக்குக் கண்ணாடி எந்நேரமும் ஆவியில் மங்கியிருக்கும். "ஒரே ஒரு வண்டி மட்டும் கூடப் போடுங்கன்னு மேலாளர் தொடங்கினது ஞாபகம் இல்ல?"

"கிடைக்காத ஒண்ணை, அது நமக்கு வேண்டாததுதான்னு மனசு மாத்திக்கும்."

"சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்!" நாலு பேர் ஒரே குரலில்.

"தப்பு நடந்தா மத்தவங்க குணத்தைக் குறை சொல்லுவோம். நாமே பண்ணினா சூழ்நிலையைக் குறை சொல்லுவோம்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

நாத்தனார் சிரித்துக்கொண்டே எழுதினாள். ஒன்பதாவதைப் படித்தபோதுதான் சிரிப்பு நின்றது.

"ஒரு கூட்டத்துல இருக்கிற யாருக்குமே ஒரு விஷயம் பிடிக்காது. ஆனா மத்தவங்களுக்கெல்லாம் பிடிச்சிருக்குன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சுக்கிட்டுப் பேசாம இருப்பாங்க. அதனால யாருக்கும் வேண்டாத ஒண்ணு நடந்துக்கிட்டே இருக்கும்."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு பழமொழியும் வரவில்லை.

"இதுக்குப் பேரு என்னம்மா?" என்றார் பாட்டுக்காரர்.

"பன்மை அறியாமை."

"சொல்லிப் பாத்தா பல்லு ஆடுது."

புயல் தலையை ஆட்டினாள். "கேள்வியே தப்பு. யாருக்கும் பிடிக்கலேன்னா எப்படி நடக்கும்? நடக்குதுன்னா யாருக்கோ பிடிச்சிருக்குன்னுதானே அர்த்தம்?"

அதுதான் எங்களுக்கும் நியாயமாகப் பட்டது. ‘கேள்விப்பட்டதில்லை’ என்ற கட்டத்திலும் ‘பயன் இல்லை’ என்ற கட்டத்திலும் கோடு போட்டோம். நானும் போட்டேன்.

நாலு நாள் கழித்து என் கை உருளைக்குப் போயிற்று.

ஓரம் கிழிந்த விரிப்பு அது. கிழிசலில் என் மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. உருளை விரிப்பை வாங்கிக்கொண்டதுபோல் என் கையையும் வாங்கிக்கொண்டது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. புயல் எதிர் முனையை விட்டுவிட்டுக் கயிற்றுக்குத் தாவினாள். எட்டவில்லை. மறுபடி குதித்து நாடாவைப் பிடித்துத் தொங்கினாள். அவிழவில்லை. என் முடிச்சு நல்ல முடிச்சு. மூட்டை கட்டுகிற வீட்டில் பிறந்தவள் நான். கடைசியில், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக், கூடத்தின் மறு கோடிக்கு ஓடி மின்சாரத்தை நிறுத்தினார். அதற்குள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. விரல்கள் தப்பின. அசைகின்றன. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

உருளையில் ஒட்டியிருந்த என் தோலை மெக்கானிக் சுரண்டித் துடைத்தாராம். மறுநாள் காலை கயிறு கட்டியிருந்ததாம்.

மேலாளர் வீட்டுக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழங்கள். நல்ல மனிதர் போலத்தான் பேசினார். பேசிக்கொண்டே பையிலிருந்து தட்டச்சுத் தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். நான் வாங்கிப் படித்தேன். ‘உருளையின் நிறுத்தும் கயிறு வேலைக்கு இடைஞ்சலாக இருப்பதால் தொழிலாளர்கள் தாங்களே விரும்பிக் கட்டி வைத்துள்ளனர். அது தேவையில்லை என்று ஒருமனதாகக் கருதுகின்றனர். நடந்த விபத்து சம்பந்தப்பட்டவரின் கவனக்குறைவால் நிகழ்ந்தது.’

"திங்கக்கிழமை காலையில எல்லாரையும் கூட்டி வச்சு கையெழுத்து வாங்கிடுவேன். இல்லாததையா எழுதியிருக்கேன்? நீங்களே சொல்லுங்கம்மா, கயித்தை நானா கட்டினேன்?"

"இல்ல சார்."

"அவ்வளவுதான். மேல அனுப்பணும், கேக்குறாங்க."

"என் வேலை?"

அவர் பழப் பையின் வாயைச் சுருட்டினார். "கவனக்குறைவுன்னு ஆயிட்டா, என் கையில என்னம்மா இருக்கு."

அவர் போன பிறகு என் கணவர் கதவைச் சாத்தினார். "கட்டினது நீதான்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்கு அடுத்து வந்தவ புயல். அவளுக்குத் தெரியும்."

"அவ வாயைத் திறக்காம இருந்தாச் சரி. நீ எக்காரணம் கொண்டும் திறக்காத. தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்காத."

நாத்தனார் மேசையில் உட்கார்ந்து, நாற்பது தாள்களையும் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தாமலே கேட்டாள். "கயித்தை ஏன் அண்ணி கட்டினீங்க?"

"எல்லாருக்கும் அதுதானே வேணும்."

"உங்களுக்கு?"

"எனக்கு எதுக்குடி? கையை நீட்டும்போதெல்லாம் உருளை இழுத்துடுமோன்னு பயம்தான். கட்டின நாள்ல ரெண்டு மடங்கு பயம்."

"அப்ப மத்தவங்க கட்டச் சொன்னாங்களா?"

"சொல்லுவாங்களா? அவங்க நாள்ல அவங்க கட்டுறாங்களே, அது போதாதா?"

தட்டுகிற சத்தம் நின்றது. அவள் தாள்களைப் புரட்டி ஒன்றை எடுத்தாள். என்னுடையது. ஒன்பதாவது கேள்வியில் விரலை வைத்து என் முன்னால் நீட்டினாள்.

நான் படித்தேன். திரும்பப் படித்தேன். பத்துக் கருத்தில் எங்களுக்குத் தெரிந்திருந்ததையெல்லாம் சொல்லிச் சிரித்தோம். தெரியாத ஒன்றில் என் கை வெந்திருக்கிறது.

"இருக்காது," என்றேன். "புயலுக்குப் பிடிக்கும். அவளுக்குக் கண்டிப்பாப் பிடிக்கும்."

"கேட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப கேப்போம். ஆனா நீங்க கேக்கக் கூடாது, நான் கேக்கணும். பேர் எழுதாத சீட்டு."

வெள்ளிக்கிழமை அவள் மறுபடி வாசலில் போய் நின்றாள். இது ஆராய்ச்சியில் சேராது, விருப்பம் உள்ளவர்கள் மட்டும் எழுதினால் போதும், எத்தனை பேர் என்ன சொன்னார்கள் என்பதை எல்லாரிடமும் சொல்வேன், யார் சொன்னார்கள் என்பதைச் சொல்ல மாட்டேன் என்று விளக்கி, எங்கள் வரிசையின் பதினொரு பேரிடமும் சிறு சீட்டுக் கொடுத்தாள். இரண்டே கேள்வி. கயிறு கட்டியிருப்பது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? உங்கள் வரிசையில் மற்றவர்களில் எத்தனை பேருக்குப் பிடித்திருக்கும்?

ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் சீட்டுகள் வீட்டுக்கு வந்தன. அவள் பிரிக்கப் பிரிக்க நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பிடிக்கவில்லை. மற்றவர்களில் பத்துப் பேருக்குப் பிடிக்கும். பிடிக்கவில்லை. எல்லாருக்கும் பிடிக்கும். பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது. ஒன்பது பேருக்குப் பிடிக்கும். பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை.

பதினொன்றில் பத்து இப்படி. ஒன்றில் மட்டும் ‘இந்த வேலையே பிடிக்கவில்லை’ என்று எழுதியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கையில் வலித்தது. அழுகையும் வந்தது. கோபம்தான் அதிகம் வந்தது. மேலாளர் மேல்கூட இல்லை. நாலு வருடமாகப் பன்னிரண்டு பேர், ஒருவருக்கொருவர் மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு, மாறி மாறி ஒருவர் கழுத்தில் ஒருவர் சுருக்குப் போட்டிருக்கிறோம்.

"திங்கக்கிழமை எண்ணிக்கையைச் சொல்லுங்க," என்றாள் நாத்தனார். "ஆனா எண்ணிக்கை மட்டும் பத்தாது அண்ணி. சீட்டுல எழுதின ஆளுங்க எதிர்ல நிக்கும்போது மறுபடி அமுங்கிடுவாங்க. முதல் ஆள் பேசினா எல்லாரும் அவரையே பாப்பாங்க. ரெண்டாவது ஆள் பேசினாத்தான் உடையும்."

"ரெண்டாவது ஆளுக்கு நான் எங்க போவேன்?"

"கூட்டத்தைப் பாத்து யாராவது சொல்லுங்கன்னு கேட்டுடாதீங்க. யாராவதுன்னா யாருமில்ல. ஒருத்தரைப் பாத்துக் கேளுங்க."

"முதல் ஆள் என்ன பேசுறது?"

அவள் பிஸ்கட் டப்பாவை மூடினாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அது உங்களுக்கே தெரியும். அண்ணன்கிட்ட நான் சொல்லலேன்னு சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை. உருளை இன்னும் சூடேறவில்லை. கையைத் துணித் தொட்டிலில் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டு நான் உள்ளே போனேன். நிமிர்ந்து பார்த்தேன். கயிறு கட்டியிருந்தது.

மேலாளர் மடிக்கிற மேசையின் மேல் தாளை வைத்தார், பேனாவையும் வைத்தார். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினார். "நீங்களும் வந்தது நல்லதாப் போச்சும்மா." பிறகு தாளை வேக வேகமாகப் படித்தார். ‘ஒருமனதாக’ என்ற இடத்தில் குரலை உயர்த்தினார். "யாருக்காவது ஆட்சேபம் இருந்தா இப்பவே கை தூக்குங்க. அப்புறம் முணுமுணுக்கக் கூடாது."

யாருடைய கையும் எழவில்லை. கண்ணாடி தன் செருப்பைப் பார்த்தாள். பாட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். புயல் என் கைக்கட்டைப் பார்த்தாள்.

நான் தூக்கினேன். தூக்க முடிந்தது இடது கைதான்.

"அன்னைக்குக் கயித்தைக் கட்டினது நான்தான் சார்."

மேலாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பழம் நழுவிப் பாலில் விழுந்தது அவருக்கு. "பாத்தீங்களா? அவங்களே சொல்றாங்க."

"இன்னும் முடிக்கல சார். கட்ட எனக்குப் பிடிக்காது. நாலு வருசமாப் பிடிக்காது. இவளுக்காகக் கட்டினேன்." புயலைக் காட்டினேன். மற்ற பத்துப் பேரையும் மறந்துவிட்டு அவள் ஒருத்தியைப் பார்த்தேன். "நான் அடிபட்டதுக்கு முந்தின நாள் நீ கட்டின. யாருக்காகக் கட்டின?"

அவள் மேலாளர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். போச்சு என்று நினைத்தேன். வேலையும் போச்சு, மானமும் போச்சு, வீட்டுக்குப் போய் அவரிடம் என்ன சொல்வேன் என்றுகூட யோசித்துவிட்டேன்.

"உனக்காகத்தான்க்கா," என்றாள் புயல். "நீ நெட்டை. கையைத் தூக்கினா உனக்குத்தான் இடிக்கும். அவிழ்த்து விட்டா நீ திட்டுவேன்னு நினைச்சேன்."

"நானா?"

"நீதான்! பின்ன எனக்கா வேணும்? அன்னைக்கு அந்த நாடாவுல தொங்கினது நான். ராத்திரி படுத்தா அந்த முடிச்சுதான் கண்ணு முன்னால வருது." அவள் சட்டென்று திரும்பி, கண்ணாடியின் தோளில் ஒரு இடி இடித்தாள். "நீ யாருக்காகடி கட்டின?"

"உங்க ரெண்டு பேருக்காக! நான் மடிக்கிறவ. எனக்கும் கயித்துக்கும் என்ன சம்பந்தம்? நீட்டுறவங்க கேக்குறாங்கன்னு நினைச்சேன்."

"நாங்க எப்ப கேட்டோம்?"

"கேக்கலதான்..."

"பாட்டுக்காரரே, நீங்க?"

"எல்லாரும் கட்டுறீங்க. நான் ஒருத்தன் கட்டாம விட்டா, பாடுற பய சோம்பேறி, முடிச்சுப் போடக்கூட உடம்பு வணங்கலைன்னு சொல்ல மாட்டீங்களா?"

"அது கட்டினாலும் சொல்லுவோம்."

சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்போடு எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். உனக்காக, இவனுக்காக, உங்களுக்காக. தனக்காகக் கட்டினேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மேலாளர் மேசையைத் தட்டினார். "இது என்ன பட்டிமன்றமா? இன்னைக்குக் காலையில கட்டியிருக்கே, அது யாரு?"

கண்ணாடி மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"யாருக்காக?"

"சத்தியமாத் தெரியல சார்."

நான் சீட்டுகளின் எண்ணிக்கையைச் சொன்னேன். பதினொன்றில் பத்துப் பேருக்குப் பிடிக்கவில்லை என்றேன். பத்துப் பேரும் அந்தப் பத்தில் தானும் ஒருவர் என்று தெரிந்தவர்கள். ஆனால் மற்ற ஒன்பது பேர் யார் என்று சுற்றிலும் பார்த்தார்கள்.

"அந்தப் பதினொண்ணாவது ஆளு?" என்றாள் புயல்.

"இந்த வேலையே பிடிக்கலையாம்."

யார் என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் எல்லாத் தலைகளும் பாட்டுக்காரர் பக்கம் திரும்பின. "ஏன் என்னையே பாக்குறீங்க?" என்று அவர் கத்தினார்.

மெக்கானிக் அதுவரை வாசல்படியில் நின்றிருந்தார். எங்கள் வரிசையில் சேராதவர், அதிகம் பேசாதவர். "நான் நூறு தடவை அவிழ்க்கலாம்னு நினைச்சேன்," என்றார். "அவிழ்த்தா பன்னெண்டு பேரும் சேர்ந்து என்னை அடிக்க வருவீங்கன்னு விட்டுட்டேன்."

"கயிறு கைல இடிக்குதுண்ணே, அதுதான் தொல்லை," என்றேன். "அதுக்கு வழி உண்டா?"

"ஒரு சாண் மேல ஏத்தி, ஒரு சாண் முன்னால கொண்டு வந்தா இடிக்காது. தாவினா எட்டும். ரெண்டு கொக்கி, அரை மணி நேர வேலை."

"நாலு வருசமா ஏண்ணே சொல்லல?"

"இடிக்குதுன்னு நீங்க யாரும் சொல்லலையேம்மா. வேணாம்னுதானே கட்டி வச்சிருந்தீங்க."

மேலாளர் தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். "இப்ப நான் மேல என்ன அனுப்புறது? ஒருமனதா ஒத்துக்கிட்டாங்கன்னு போன்லயே சொல்லிட்டேன்."

புயல் போய் அவர் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். "அந்த வார்த்தையை அடிக்காதீங்க சார். ஒருமனதாங்கிறது சரியாத்தான் இருக்கு. மத்ததை மாத்துங்க."

அவர் எங்களைப் பார்த்தார். பன்னிரண்டு பேர், ஒரு பேனா. மூடியை யாரும் கழற்றவில்லை. தாளின் பின்பக்கத்தைத் திருப்பினார். வேறு வழியில்லை அவருக்கு. நாங்கள் சொல்லச் சொல்ல அவரே கையால் எழுதினார். கயிறு தேவை என்று ஒருமனதாகக் கருதுகிறோம். இனி யாரும் கட்டக் கூடாது. கயிறு இடிப்பதைச் சரிசெய்யாமல் விட்டதே விபத்துக்குக் காரணம். ‘கவனக்குறைவு’ என்று எழுத ஒருமுறை பேனாவை ஊன்றினார், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு எழுதாமல் எடுத்துவிட்டார். "கை ஆறினதும் அக்கா அதே இடத்துக்குத் திரும்பி வருவாங்கன்னு எழுதுங்க சார்," என்றாள் கண்ணாடி, மங்கிய கண்ணாடியைத் துடைத்தபடி. "அது இல்லாம நான் போட மாட்டேன்." அவள் மேலாளரை நேருக்கு நேர் எதிர்த்துப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. மேலாளர் எழுதினார். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டோம். என்னுடையது இடது கையால் போட்டது, கோழி கிளறியதுபோல் இருந்தது. பன்னிரண்டுக்குக் கீழே மெக்கானிக்கும் போட்டார். ஒரு நகல் எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டோம். நாங்கள் ஒன்றும் நேற்றுப் பிறந்தவர்கள் இல்லை.

மெக்கானிக் ஏணியைக் கொண்டுவந்தார். அந்த அரை மணி நேரம் எங்களுக்கு டீ. நாத்தனார் கல்லூரிக்குப் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடி வந்தவள், என் கைக்கட்டைப் பார்த்து, கட்டிப் பிடிக்க முடியாமல், என் காதைப் பிடித்துத் திருகினாள்.

"படிப்பாளிம்மா," என்றார் பாட்டுக்காரர், "அந்த ஒன்பதாவது கேள்வி இருக்கே, பல்லு ஆடுறது. என் தாளைக் குடு. பதிலை மாத்தணும்."

"எனக்கும் குடு," என்றாள் புயல். "பயன் உண்டுன்னு பெரிய கோடாப் போடணும்."

"முடியாது. முதல்ல சொன்னதுதான் கணக்கு."

"என்னம்மா அநியாயம்! இப்பத்தானே புரிஞ்சுது."

"இப்ப மாத்தினா அது ஆராய்ச்சி இல்ல, தில்லுமுல்லு."

"அப்ப உன் புத்தகத்துல என்ன வரும்?"

"நாப்பது பேர்ல நாப்பது பேரும் கேள்விப்பட்டதில்ல, முப்பத்தெட்டுப் பேர் பயனில்லைன்னு சொன்னாங்கன்னு வரும்."

"ஆராய்ச்சியைத் தூக்கி உருளையில போடு," என்றாள் புயல். டீயைக் குடித்துவிட்டு நாங்கள் உள்ளே போனோம்.

கயிறு புது இடத்தில், இறுக்கமாக, நேர்கோடாக ஓடியது. அவிழ்த்த நாடா தரையில் கிடந்தது. யாரோ மிதித்துக்கொண்டு போனார்கள். எனக்கு அன்று வேலை இல்லை, ஆனாலும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. என் இடத்தில் கண்ணாடி நின்றாள். நீராவி ஏறியது. முதல் விரிப்பு போயிற்று. இரண்டாவது, மூன்றாவது. கண்ணாடி கையை உயரத் தூக்கி உதறினாள். இடிக்கவில்லை. புயல் வழக்கமான வேகத்தில் நீட்டிக்கொண்டிருந்தாள்.

பத்தாவதோ பதினோராவதோ விரிப்பு பாதி உள்ளே போயிருந்தபோது, ஒரு காரணமும் இல்லாமல், புயல் ஒரு தாவு தாவிக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

உருளை நின்றது. என் ஏழு வருட வேலையில் அந்தக் கூடம் வேலை நேரத்தில் அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் கேட்டதில்லை. நீராவி சீறுவது மட்டும் கேட்டது. விரிப்பு மெல்லப் பழுப்பேறியது. மேலாளர் அறைக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருக்கு? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல சார்," என்றாள் புயல், கயிற்றிலிருந்து கையை எடுக்காமல்.

ஏழு நிமிடம் போயிற்று, ஒரு வண்டி போயிற்று. யாரும் யாரையும் திட்டவில்லை. பாட்டுக்காரர் காலி வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு, முனகாமல், முதல் தடவையாக வாய்விட்டுப் பாடினார். கர்ண கொடூரம். மற்ற பதினொரு பேரும் கைதட்டினோம். ஒற்றைக் கையால் தட்ட முடியாத நான் மேசையில் அடித்தேன்.